படியேறி வந்தவர்கள் – 9: ஹார்லெமின் தலைமாட்டில் ஒரு கல்லூரி

போர் முடிந்து திரும்பிய வீரர்களை அமெரிக்க அரசு கல்லூரிக்கு அனுப்பிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1944-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கட்டணம், புத்தகம், மாதச் செலவு எல்லாவற்றையும் அரசே ஏற்றது. எழுத்தில் எல்லோருக்கும் பொதுவான அந்தச் சலுகை, கறுப்பின வீரர்களில் பெரும்பாலோருக்கு எட்டாமலே போனது. அவர்களுடைய தலைமுறையின் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரி வயதுக்கு வந்தது 1960-களில். அவர்களை மனத்தில் வைத்து நியூயார்க்கில் பிறந்த ஒரு திட்டம்தான் இந்த வாரக் கதை.

மன்ஹாட்டனின் வடக்கே, ஹார்லெமுக்கு மேற்குப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. செயின்ட் நிக்கோலஸ் பூங்காவின் சரிவில் ஏறினால் கரும்பாறையில் எழுப்பிய கோத்திக் பாணிக் கட்டடங்கள். அதுதான் சிட்டி காலேஜ். 1847-இல் நகர மக்களே வாக்களித்து உருவாக்கிய நிறுவனம் அது. 'ஃப்ரீ அகாடமி' என்பது அதன் முதற்பெயர். டவுன்செண்ட் ஹாரிஸ் என்ற வணிகர் அதற்காகப் போராடினார். பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டணம் ஒரு காசு கிடையாது. 1907-இல் இந்தக் குன்றுக்குக் குடிவந்த கல்லூரி, அடுத்த அரை நூற்றாண்டில் அமெரிக்காவின் பெருமைகளில் ஒன்றாக வளர்ந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், தையற்கூடங்களில் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள், அங்கே படித்து மருத்துவர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் வெளியே வந்தார்கள். இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க் அவர்களில் ஒருவர்.

கல்லூரி ஏறிய அதே காலத்தில் குன்றின் அடிவாரமும் மாறிக்கொண்டிருந்தது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு வந்த கறுப்பினக் குடும்பங்களாலும், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களாலும் ஹார்லெம் நிறைந்தது. அந்த வீடுகளின் சன்னலிலிருந்து பார்த்தால் கல்லூரிக் கோபுரம் தெரியும். அங்கிருந்து கல்லூரிக்குள் போனவர்களோ மிகச் சிலர்.

காரணம் கட்டணம் அல்ல, மதிப்பெண். கல்லூரியில் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஆகவே உயர்நிலைப் பள்ளிச் சராசரி ஆண்டுக்காண்டு ஏறி, 1960-களின் தொடக்கத்தில் எண்பத்தைந்தை ஒட்டி நின்றது. ஹார்லெம் பள்ளிகளிலோ வகுப்புகள் நெரிசல், ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பள்ளியே 'பொது'ப் பிரிவிலும் தொழிற்பிரிவிலும் தள்ளிவிட்டிருந்தது. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பதினான்கு வயதில் யாரோ ஒருவர் போட்ட டிக் ஒன்று அந்தப் பிள்ளையின் பட்டத்தைத் தீர்மானித்துவிடும். இலவசக் கல்லூரி என்ற பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

1961-இல் நகரத்தின் கல்லூரிகள் ஒன்றிணைந்து நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஆயின. ஆல்பர்ட் பவுக்கர் 1963-இல் அதன் தலைமைக்கு வந்தார். இரண்டாண்டுக் கல்லூரிகளில் 'காலேஜ் டிஸ்கவரி' என்ற சிறு முயற்சி 1964-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் சிட்டி காலேஜே துணிந்தது. நூற்றுச் சொச்சம் மாணவர்கள். வழக்கமான மதிப்பெண் இல்லாதவர்கள், ஏழைப் பகுதிகளில் வாழ்பவர்கள். அவர்களைப் பகல்நேர மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். இதை நடத்தியவர்களில் முக்கியமானவர் லெஸ்லி பெர்கர் என்ற உளவியலாளர். இந்த மாணவர்களுக்கு அறிவு குறைவு என்று அவர் நினைக்கவில்லை. பழக்கமில்லாத இடத்தில் தனியாக நிற்கிறார்கள், வீட்டில் பணமில்லை, பள்ளி கற்றுத்தர வேண்டியதைக் கற்றுத்தரவில்லை என்றுதான் பார்த்தார். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தச் சிறு பரிசோதனையைச் சட்டமாக்கியவர்கள் அரசியல்வாதிகள். இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும்.

பெர்சி சட்டன், மால்கம் எக்ஸின் வழக்கறிஞர். 1965-இல் ஹார்லெமின் பிரதிநிதியாக மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு புரூக்ளினிலிருந்து போனவர் ஷெர்லி சிஸம். பார்படாஸ், கயானா பின்னணியுடைய குடியேறிக் குடும்பத்துப் பெண். அப்பா தொழிற்சாலை வேலை, அம்மா தையல். பள்ளியில் நன்றாகப் படித்த அவருக்கு வாசார், ஓபர்லின் என்ற இரண்டு பெயர்பெற்ற கல்லூரிகள் உதவித்தொகையுடன் இடம் கொடுத்தன. போக முடியவில்லை. கட்டணத்துக்கு உதவித்தொகை உண்டு, விடுதியில் தங்கிச் சாப்பிட யார் தருவார்? வீட்டிலிருந்தபடியே போகக்கூடிய, கட்டணமில்லாத புரூக்ளின் கல்லூரியில் சேர்ந்து 1946-இல் பட்டம் வாங்கினார். இதே சிஸம் 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஆனார் என்பது உலகம் அறிந்தது. அதற்கு முன் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் அவர் செய்த வேலையில் அவருக்கே பெருமை தந்தவை இரண்டு: வீட்டு வேலை செய்பவர்களுக்கு வேலையின்மைக் காப்பீடு கிடைக்கச் செய்த மசோதா ஒன்று, இந்தக் கல்லூரித் திட்டத்துக்கான மசோதா மற்றொன்று.

பல்கலைக்கழகம் புதுக் கட்டடங்களுக்காக மாநில நிதியை எதிர்பார்த்து நின்ற நேரம் அது. கறுப்பின, போர்ட்டோ ரிக்க உறுப்பினர்கள் அந்த நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். கட்டடத்துக்குப் பணம் கேட்கிறீர்களே, எங்கள் பிள்ளைகளுக்கு அதற்குள் இடம் எங்கே என்று கேட்டார்கள். 1966-இல் சட்டம் வந்தது. தேடல், கல்வி, உயர்வு, அறிவு என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகளைக் கோர்த்து 'சீக்' என்று பெயரிட்டார்கள். சிட்டி காலேஜோடு நில்லாமல் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுக் கல்லூரிகளுக்கெல்லாம் திட்டம் பரவியது.

சீக் மாணவர் ஒருவருக்கு என்ன கிடைத்தது? முதலில் இடம். பிறகு புத்தகச் செலவு, கைச்செலவுக்கு உதவித்தொகை. படிக்க இடமில்லாத வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குத் தங்கும் இடம். பிராட்வேயும் 71-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்த அலமாக் ஓட்டலைப் பல்கலைக்கழகம் இதற்காக வாடகைக்கு எடுத்தது. மேல் மாடிகளில் மாணவர்கள் தங்கினார்கள், கீழே வகுப்புகள் நடந்தன. எட்டுப் பருவத்தில் முடிக்க முடியாவிட்டால் பத்துப் பருவம் வரை உதவி. சிறிய வகுப்புகள், தனிப்பயிற்சி. இவற்றோடு ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர். வாடகைப் பாக்கி என்றாலும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும், கணக்கில் தோற்றாலும் போய்ச் சொல்ல ஓர் ஆள். இந்த ஆலோசகர்கள் கல்லூரி அலுவலகத்தின் மூலையில் உட்கார்ந்த எழுத்தர்கள் அல்லர். ஆசிரியர் தகுதியோடு நியமிக்கப்பட்டவர்கள். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். வறுமையில் வளர்ந்த பிள்ளை கல்லூரியை விட்டு நிற்பது பெரும்பாலும் பாடம் புரியாமல் அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் ஏதோ நடக்கிறது, அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவருமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தது சீக்.

அடுத்து ஆசிரியர்கள். இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். அமெரிக்க இலக்கிய வரலாற்றிலேயே அபூர்வமான ஓர் ஆசிரியர் அறை அது. டோனி கேட் பம்பாரா 1965-லிருந்தே அங்கே இருந்தார். ஜூன் ஜோர்டன் 1967-இல் வந்தார். 1968-இல் ஆட்ரி லார்டும் ஏட்ரியன் ரிச்சும் சேர்ந்தார்கள். அமெரிக்கக் கவிதையிலும் பெண்ணியச் சிந்தனையிலும் பின்னாளில் பெரும் பெயர்களான இவர்கள் அனைவரும் அன்று ஹார்லெம் குன்றில் முதலாண்டு மாணவர்களின் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் வேலை கேட்டு வந்த ரிச், ஏற்கெனவே பெயர்பெற்ற கவிஞர். தாம் படித்த ராட்கிளிஃபின் வாசம் படாத வகுப்பறையில் அவர் நின்றார். அந்த அனுபவத்தைப் பற்றி 1972-இல் எழுதிய கட்டுரை இன்றும் ஆசிரியப் பயிற்சியில் படிக்கப்படுகிறது. இவர்களுடைய பாடக் குறிப்புகளை நகரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் தேடியெடுத்துச் சிறு நூல்களாக வெளியிட்டிருக்கிறார்கள்.

எழுத்துப் பயிற்சியைத் தலைமை ஏற்று நடத்தியவர் மினா ஷாக்னஸி. தெற்கு டகோட்டாவில் தங்கச் சுரங்க ஊர் ஒன்றில் 1924-இல் பிறந்தவர். சீக்கில் 1967-இல் சேர்ந்தார். வெளியுலகில் அவருக்குக் கவிஞர்களின் புகழ் இல்லை. ஆனால் இந்தத் திட்டம் உலகுக்குக் கொடுத்த மிகச் சிறந்த சிந்தனை அவருடையது என்றே சொல்வேன். புதிய மாணவர்களின் தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் பலர் தலையில் கை வைத்தார்கள். வாக்கியம் முடியாது, வினைச்சொல்லுக்கு விகுதி இருக்காது, எழுத்துப்பிழை வரிக்கு வரி. இவர்களுக்குக் கற்பிக்க முடியாது என்பது பொதுத் தீர்ப்பு. ஷாக்னஸி அந்தத் தாள்களைத் தூக்கி எறியவில்லை. ஏறக்குறைய 4,000 தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பிழைகளைத் தரம் பிரித்தார். பிழைகள் தாறுமாறாக விழவில்லை என்று கண்டார். ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் மாணவர் தாமே வகுத்துக்கொண்ட ஒரு விதி இருந்தது. நம் ஊரில் வீட்டில் பேசும் தமிழையே அறிந்த பிள்ளை தேர்வுத்தாளில் 'வந்தாங்க' என்று எழுதுவதைப் போலத்தான். அந்தப் பிள்ளைக்கு இலக்கணம் இல்லாமலில்லை. காதால் கற்ற இலக்கணம் கையில் இறங்குகிறது. எழுத்து மொழியோடு பழக யாரும் நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பயிற்சியில்லாத எழுத்தாளர்கள் என்றுதான் ஷாக்னஸி அவர்களைப் பார்த்தார். அறிவில்லாதவர்கள் என்று ஒருநாளும் அல்ல. 1977-இல் அவர் எழுதிய 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற நூல் அமெரிக்காவில் ஒரு புதிய கல்வித்துறையையே உண்டாக்கியது. அடுத்த ஆண்டே புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 54.

கதை இப்படி நேராக முன்னேறவில்லை. 1969 வசந்தத்தில் மாநில பட்ஜெட்டில் வெட்டு விழுந்தது. சீக் திட்டத்தில் புது மாணவர்களைச் சேர்க்கவே முடியுமா என்ற நிலை வந்தது. ஏப்ரல் 22 அன்று சுமார் 200 கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் சிட்டி காலேஜின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி வாயிற்கதவுகளைப் பூட்டினார்கள். 'ஹார்லெம் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சோறு சமைத்து அனுப்பின. மாணவர்களின் கோரிக்கைகள் ஐந்து. கறுப்பின, போர்ட்டோ ரிக்கக் கல்விக்குத் தனிப்பள்ளி. தங்கள் மாணவர்களுக்குத் தனி அறிமுக வகுப்புகள். நகரத்து உயர்நிலைப் பள்ளிகளில் தங்கள் பிள்ளைகள் எந்த அளவில் இருக்கிறார்களோ அந்த அளவில் கல்லூரியிலும் இடம். ஆசிரியராகப் போகிறவர்கள் தங்கள் வரலாறும் ஸ்பானிஷ் மொழியும் கட்டாயம் படிக்க வேண்டும். ஐந்தாவதாக நான் தள்ளி வைத்த கோரிக்கை, அவர்களின் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது: சீக் திட்டத்தை நடத்துவதில், அதன் ஆசிரியர்களை நியமிப்பதிலும் நீக்குவதிலும் மாணவர்களுக்குக் குரல் வேண்டும். உதவி வாங்குகிறவன் உதவியைப் பற்றிப் பேசக்கூடாது என்ற பழைய எண்ணத்தை அந்தப் பிள்ளைகள் ஏற்கவில்லை.

இரண்டு வாரம் கல்லூரி மூடிக் கிடந்தது. நகர மேயர் தேர்தல் நடக்கவிருந்த ஆண்டு. வேட்பாளர்களில் ஒருவர் நீதிமன்றம் சென்று கல்லூரியைத் திறக்க ஆணை வாங்கினார். திறந்ததும் வளாகத்தில் அடிதடி, தீவைப்பு. மாணவர்மேல் போலீசை ஏவ மனமில்லாமல் பேச்சுவார்த்தையை நம்பியிருந்த கல்லூரித் தலைவர் ப்யூல் கல்லாகர் பதவி விலகினார். ஜூலையில் உயர்கல்வி வாரியம் ஒரு முடிவெடுத்தது. 1975-இல் என்று திட்டமிட்டிருந்ததை 1970 செப்டம்பருக்கே கொண்டுவந்தது: நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் பல்கலைக்கழகத்தில் ஓரிடம்.

மாணவர்கள் கேட்டது இதுவல்ல. அவர்கள் கேட்டது தங்கள் மக்களுக்கு உரிய பங்கு, சீக் தரும் ஆதரவோடு. வாரியம் கொடுத்ததோ எல்லோருக்கும் திறந்த வாசல். அரசியலில் அது எளிது. ஐரிஷ், இத்தாலியத் தொழிலாளர் குடும்பங்களும் எதிர்க்கமாட்டா. உண்மையில் எண்ணிக்கையில் அதிகம் பயன்பெற்றவர்கள் அந்த வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே. கறுப்பின மாணவர்கள் நடத்திய போராட்டத்தின் பலனை நகரத்தின் ஏழைகள் அத்தனை பேரும் பகிர்ந்துகொண்டார்கள்.

1969-இல் ஏறத்தாழ 20,000 பேர் முதலாண்டில் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் 1970-இல் ஏறத்தாழ 35,000 பேர். தயாராக ஓராண்டுதான் அவகாசம். வாடகை இடங்களில் வகுப்பு, நெருக்கியடித்த அறைகள், வகுப்புக்கு ஆசிரியர் தேடும் ஓட்டம். சீக் மாணவருக்குக் கிடைத்த உதவித்தொகை, சின்ன வகுப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆலோசகர் இவற்றில் எதுவும் அந்த ஆயிரக்கணக்கானோருக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. பலர் இடையில் நின்றார்கள். உடனே 'தரம் போயிற்று' என்ற கூக்குரல். நாட்டின் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூவே மேடையில் தாக்கிப் பேசினார். சேர்த்ததைக் குறை சொன்ன குரல்கள் பல. சேர்த்துவிட்டுக் கைவிட்டதைக் குறை சொன்ன குரல்கள் சில. என் கணிப்பில் இரண்டாவது குற்றமே பெரிது.

1975-இல் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1976-இல், சம்பளம் கொடுக்கப் பணமின்றிப் பல்கலைக்கழகம் இரண்டு வாரம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். இளையவர்களே முதலில் போனார்கள். புதிய மாணவர்களுக்குக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். 129 ஆண்டுகளாகக் கட்டணமில்லாதிருந்த கல்லூரியில் அந்த இலையுதிர்காலத்தில் கட்டணம் வந்தது. யூதப் பிள்ளைகளும் ஐரிஷ் பிள்ளைகளும் படித்தவரை இலவசம். கறுப்பின, போர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் பெருமளவில் உள்ளே வந்து சேர்ந்த பிறகு பில். எந்த அதிகாரியும் அதற்காகத்தான் என்று எழுதி வைக்கவில்லை. வரிசை மட்டும் அப்படித்தான் அமைந்தது.

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பால் அட்டவெல், டேவிட் லாவின் என்ற இரு சமூகவியலாளர்கள், 1970-இலிருந்து 1972-க்குள் சேர்ந்த பெண்களில் ஏறத்தாழ 2,000 பேரை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். 2007-இல் நூலாக வந்த அந்த ஆய்வு, 'நாலாண்டில் முடிக்கவில்லை, ஆகவே தோல்வி' என்ற பழைய கணக்கைக் கிழித்துப் போட்டது. அந்தப் பெண்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு கட்டத்தில் பட்டம் வாங்கியிருந்தார்கள். சிலர் பிள்ளை பெற்று வளர்த்த பிறகு வாங்கினார்கள், சிலர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பிலும் அது தெரிந்தது. கல்லூரியை நான்காண்டுக் கண்ணாடியால் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

1990-களின் இறுதியில் மேயர் ஜூலியானியின் காலத்தில், அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அகற்றப் பல்கலைக்கழக வாரியம் முடிவெடுத்தது. நான்காண்டுக் கல்லூரிகளின் திறந்த வாசல் அத்துடன் மூடியது. சீக் மட்டும் தப்பித்தது. அது வாரியத்தின் தீர்மானத்தால் வந்ததல்ல, மாநிலச் சட்டத்தில் எழுதப்பட்டது. கருணையால் தொடங்கிய திட்டங்கள் எத்தனையோ பட்ஜெட்டோடு போய்விட்டன. சட்டனும் சிஸமும் அதைச் சட்டமாக்கியதன் அருமை முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

2007-இல் அதே பல்கலைக்கழகம் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 'ஏசாப்' என்ற புதிய திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் விடுபடும் மீதியைத் தள்ளுபடி செய்வது, புத்தகம், நகரப் போக்குவரத்துக்கான மெட்ரோ கார்டு, அடிக்கடி சந்திக்கும் ஓர் ஆலோசகர். மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் வழக்கமான பிரிவில் 22 சதவீதம், ஏசாப் பிரிவில் 40 சதவீதம். 2015-இல் வெளியான இந்த முடிவு நாடு முழுவதும் பேசப்பட்டது. புதுக் கண்டுபிடிப்பு என்றே பலர் எழுதினார்கள். அதிலிருந்த ஒவ்வொரு சரக்கும் லெஸ்லி பெர்கரின் நூற்றுச் சொச்சம் மாணவர்களுக்கு 1965-இல் கிடைத்ததன் உறவுதான். கல்லூரி நடத்துகிறவர்கள், உதவித்திட்டம் வகுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பேருந்துச் செலவையும் ஆலோசகரின் சம்பளத்தையும் திட்டத்தின் ஓரத்தில் எழுதாதீர்கள், முதல் வரியில் எழுதுங்கள்.

பெர்சி சட்டன் 2009-இல் காலமானார். சீக் இன்று அவர் பெயரைத் தாங்கி நகரப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுக் கல்லூரிகளில் நடக்கிறது. அந்தச் சட்டம் வந்த மறு ஆண்டே மாநிலத்தின் மறுகோடியில், பஃபலோ நகரத்தில், ஆர்தர் ஈவ் என்ற சட்டமன்ற உறுப்பினர் இதே போன்றதொரு திட்டத்துக்காகக் களம் இறங்கினார். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)